இறப்பர் கன்று வந்த பெட்டியும் ஐரோப்பாவின் மீன் தொட்டிகளும்

தரம் ஒன்பதுக்கு இறப்பர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1876இல் பிரித்தானியர் இறப்பரை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள், கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் இந்த இரண்டு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்குக் கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்வெட்டுக்குப் போகிறவர்கள்.

"மிஸ், கப்பல்ல வந்த கன்னுக்கு யாரு தண்ணி ஊத்துனா? கடல் தண்ணி உப்புத்தானே, அத ஊத்துனா செத்துருமே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவு தேட உட்கார்ந்ததுதான் என்னை ஒரு வருஷம் கழித்து லிஸ்பனில் ஒரு மீன் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. இறப்பர் கன்றுக்கும் மீன் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1829ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் நதானியேல் வார்ட் என்றொரு வைத்தியர் இருந்தார். செடி கொடியில் பைத்தியம். ஆனால் அன்றைய லண்டன் நிலக்கரிப் புகையில் அவர் வீட்டு முற்றத்தில் நட்ட பன்னங்கள் எல்லாம் கருகிப்போயின. ஒருநாள் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலுக்குள் போட்டு மூடி வைத்தார். அந்துப்பூச்சி வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பார்த்தால், மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்துவிட்டன. வெளியே எது செத்ததோ அது மூடிய போத்தலுக்குள் உயிரோடு நின்றது. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் முத்து முத்தாகப் படியும், பிறகு வழிந்து மண்ணுக்கே திரும்பும். யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

அதைப் பெரிதாக்கி மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டியாகச் செய்தார்கள். வார்டியன் பெட்டி என்று பெயர். கப்பலின் மேல்தட்டில் வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டால் போதும், உப்புக் காற்றும் அலையும் உள்ளே இருக்கிற கன்றை ஒன்றும் செய்யாது. சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்குப் போனது இந்தப் பெட்டியில். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன 70,000 இறப்பர் விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 1,919 கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்கு வந்து இறங்கின. மொனராகலையில் இன்றைக்குப் பால் வடிகிற மரங்களின் கதை அந்த 38 பெட்டிகளில் ஆரம்பிக்கிறது.

இனி மீனுக்கு வருகிறேன். செடியை மூடி வைத்தால் வாழ்கிறது என்றால், தண்ணீரை மூடி வைத்தால்? 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்கமீனையும் தண்ணீர்ச் செடியையும் நத்தையையும் சேர்த்து வைத்தார். செடி மூச்சுக்காற்றைக் கொடுக்க, மீன் கழிவைக் கொடுக்க, அழுகிய இலையை நத்தை தின்ன, தண்ணீர் கெடாமல் நின்றது. மூன்றே வருஷத்தில், 1853 மே மாதம், லண்டன் மிருகக்காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகம் அக்குவேரியம் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

நம் தோட்டத்துக்கு இறப்பரைக் கொண்டுவந்த பெட்டியும் ஐரோப்பாவின் மீன் தொட்டியும் ஒரு தாய் பிள்ளைகள். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஜாம் போத்தல் கொண்டுவந்து, லயத்துக் கானோரம் வளர்கிற பன்னத்தைப் பிடுங்கி வைத்து மூடினார்கள். முதல் இரண்டு போத்தலும் தண்ணீர் கூடி அழுகிவிட்டன. மூன்றாவது போத்தல் இன்னும் வகுப்பு ஜன்னலில் இருக்கிறது. காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வியர்த்திருக்கும்.

என் தங்கச்சி பாரிஸ் பக்கம் குடும்பமாக இருக்கிறாள். ஓகஸ்ட் விடுமுறைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். விசா கிடைத்த அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "எனக்கு ஐபிள் கோபுரம் எல்லாம் தூரத்தில இருந்து பாத்தா போதும். மீன் பாக்கணும்." மச்சான் சிரிக்கவில்லை, வரைபடத்தை விரித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் கடலோரம் வளர்ந்தவர். எனக்குக் கடல் எவ்வளவு தூரத்துப் பொருள் என்று அவருக்குத் தெரியும். மொனராகலையிலிருந்து பொத்துவில் கடல் எழுபது கிலோமீற்றர் அளவுதான். ஆனால் என் அப்பாயி சாகும்வரை கடல் பார்க்கவில்லை. அவருடைய அண்ணன் குடும்பம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனபோது பதுளை ஸ்டேஷன்வரை போய் அழுதுவிட்டுத் திரும்பினார். கடல் என்றால் அவருக்கு ஆட்களைக் கொண்டுபோகிற இடம். அதற்கு அடியில் என்ன இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

முதலில் பாரிஸின் கிழக்கோரம் உள்ள போர்ட் டோரே. மெட்ரோ எட்டாம் பாதையில் இறங்கினால் எதிரிலேயே மாளிகை. 1931இல் நடந்த குடியேற்றநாட்டுக் கண்காட்சிக்காகக் கட்டியது. தங்கள் ஆட்சியில் இருந்த நாடுகளின் மீன்களையும் ஆமைகளையும் பிரெஞ்சு மக்களுக்குக் காட்ட, கீழ்த்தளத்தில் மீன்காட்சியகம் அமைத்தார்கள். மாளிகையின் முன்சுவர் முழுக்க ஆல்ஃபிரட் ஜானியோ செதுக்கிய கற்சிற்பம். அந்த நாடுகளின் விளைபொருட்களும், அவற்றை விளைவித்த மக்களும் சுவர் நிறைய இருக்கிறார்கள். கூடை சுமக்கிற பெண்கள், குனிந்த முதுகுகள். நான் நுழைவுச்சீட்டு எடுக்க மறந்து அதில் இறப்பர் மரத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். தங்கச்சி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

இன்று அதே மாளிகையில்தான் பிரான்சுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்களின் வரலாற்று நூதனசாலையும் இருக்கிறது. கீழே மீன், மேலே அகதிகளும் தொழிலாளர்களும். பாரிஸில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் போய் நின்றால் கொஞ்ச நேரம் பேச வராது. தொட்டிகள் பழைய மாதிரிச் சின்னவை, வரிசையாகச் சுவரில் பதித்தவை. நடுவில் ஒரு பள்ளத்தில் அமெரிக்க முதலைகள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே போதும்: ஒவ்வொரு தொட்டிக்கு முன்னாலும் முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கலாம், நெரிசல் குறைவு.

அடுத்த வாரம் வடக்குக் கடற்கரைக்குப் போனோம். லா சப்பல் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி பூலோன் சுர் மேர். பிரான்சின் மிகப்பெரிய மீன்பிடித் துறைமுகம் அது. அங்கே இருக்கிற நோசிக்கா 1991இல் திறந்தது, 2018இல் பெருப்பித்தார்கள். புதிய தொட்டி ஒன்று மட்டும் 10,000 கனமீற்றர், அதாவது ஒரு கோடி லீற்றர். கொலம்பியாவுக்கு அப்பால் பசிபிக்கில் உள்ள மல்பெலோ தீவைச் சுற்றிய கடலை மாதிரியாக வைத்து அமைத்தது. இருபது மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் உயரத்தில் ஒரே ஜன்னல். அதற்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்தால் சினிமாக் கொட்டகையில் இருக்கிற மாதிரி. மந்தாத் திருக்கை ஒன்று செட்டையை அடித்துக்கொண்டு தலைக்கு மேலால் போனது. வெள்ளை வயிறு. எங்கள் லயத்துக் கூரைத் தகரம் ஒன்று காற்றில் மெதுவாகப் பறந்துபோன மாதிரி இருந்தது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அங்கே கொண்டுவரப்பட்ட சுத்தியல்தலைச் சுறாக்கள் இறந்துபோன விஷயம் பிரான்சில் பெரிய சர்ச்சையானது. எவ்வளவு பெரிய தொட்டியாக இருந்தாலும் சில உயிர்களுக்கு அது போதாது. அதே நாட்டில் 2021 நவம்பரில் வந்த சட்டம் டொல்பின் வித்தைக் காட்சிகளுக்கு முடிவு கட்டுகிறது. இந்த விஷயத்தில் என் மனம் தெளிவாக இருக்கிறது. பாறை இடுக்கில் வாழ்கிற மீனை, பவளத்தை, கடற்குதிரையை அக்கறையாக வளர்த்துக் காட்டினால் பார்க்கிற பிள்ளைக்கு நன்மை. நாளுக்குப் பல மைல் நீந்துகிற டொல்பினைக் கைதட்டுக்காகக் குதிக்க வைப்பதைப் பார்க்க எனக்குக் கண் வராது. ஐரோப்பாவின் பெரிய இடங்கள் சிலவற்றில் டொல்பின் உண்டு. போகிறவர்கள் முன்கூட்டியே பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இனி லிஸ்பன். நேரமும் காசும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் இருக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு இங்கே போங்கள்.

மெட்ரோவில் ஒரியேந்தே நிலையத்தில் இறங்கி ஆற்றுப்பக்கம் நடந்தால் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற மீன்காட்சியகம் தெரியும். பாலத்தால் நடந்து உள்ளே போக வேண்டும். பீட்டர் செர்மாயெஃப் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. 1998 உலகக் கண்காட்சிக்காகத் திறந்தார்கள். நடுவில் ஐம்பது இலட்சம் லீற்றர் தண்ணீர், ஏழு மீற்றர் ஆழம். அதைச் சுற்றி நாலு மூலையில் நாலு கடல்: வட அத்திலாந்திக், அந்தாட்டிக்கா, பசிபிக்கின் குளிர் கரை, நம் இந்து சமுத்திரத்தின் வெப்பக் கரை. முதலில் மேல்தளத்தால் சுற்றுகிறோம். பென்குவின் நிற்கிற பாறை, கடல் நீர்நாய் மல்லாந்து மிதக்கிற குளம், பிறகு ஈரச்சூடு முகத்தில் அடிக்கிற வெப்பமண்டலக் காடு. அந்தக் கடைசி இடத்துக்குள் கால் வைத்ததும் தங்கச்சி நின்றுவிட்டாள். "அக்கா, நம்ம ஊரு வாசம்." உண்மைதான். மழை விட்ட பிறகு பீலிக்கரையில் வருகிற வாசம்.

பிறகு படியிறங்கி அதே நாலு கடலையும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிறோம். இங்கேதான் அந்த வடிவமைப்பின் மூளை தெரியும். மூலைக் கடல்களுக்கும் நடுக்கடலுக்கும் இடையில் இருக்கிற தடுப்பு கண்ணுக்குத் தெரியாது. பென்குவின் நீந்துகிற தண்ணீரும் சுறா சுற்றுகிற தண்ணீரும் ஒன்றே என்று தோன்றும். கடல் ஒன்றுதான், பெயர்தான் பல என்று ஒரு சொல் எழுதாமல் சொல்லிவிடுகிறார்கள். பெரிய ஜன்னல்கள் ஒவ்வொன்றும் 49 சதுர மீற்றர். கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அது அக்ரிலிக். 27 சென்ரிமீற்றர் தடிப்பு. நான் பக்கவாட்டில் விரித்த கையை வைத்து அளந்து பார்த்தேன், என் ஒரு சாணைத் தாண்டியது.

தங்கச்சி மகளுக்கு ஏழு வயது. அரை மணித்தியாலம் ஓடித்திரிந்தவள், ஒரு ஜன்னலில் ஒட்டிக்கொண்டாள்.

"பெரியம்மா, இதுக்குத் தலை மட்டும்தான் இருக்கு. உடம்பு எங்க?"

சூரிய மீன். அவள் சொன்னது சரியான வர்ணனை. வெட்டியெடுத்த தலை மாதிரி வட்டமாக ஒரு உடல், மேலே ஒரு செட்டை, கீழே ஒரு செட்டை, வால் இருக்க வேண்டிய இடத்தில் சுருக்கிய துணி விளிம்பு மாதிரி ஒன்று. வளர்ந்தால் இரண்டு தொன்வரை போகும், எலும்புள்ள மீன்களில் இதைவிடப் பாரமானவை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வளர்ப்பது சுலபமில்லை. சுவரில் மோதினால் காயம், மற்ற மீன்கள் முந்திக்கொண்டால் பட்டினி, அதனால் தனியாகத் தீனி கொடுக்க வேண்டியிருக்கும். உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இதை வளர்க்க முடிகிறது. எங்களைப் பார்த்து அது திரும்பியபோது கண்ணை நன்றாகப் பார்த்தேன். மாட்டுக் கண் அளவு, மெதுவாக உருண்டது. பக்கத்தில் பாரை மீன் கூட்டம் ஒன்று அதைச் சுற்றிக்கொண்டு போனது, திரும்பியது, மறுபடி போனது. அந்த இடத்தைவிட்டு அசைய எங்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது.

அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். முப்பத்தெட்டு வருஷம் பால் வெட்டியவர். திரையில் சுறாவைப் பார்த்தார், திருக்கையைப் பார்த்தார், பேசவில்லை. கடைசியில் கேட்டார்: "இதுங்களுக்கெல்லாம் யாரு சாப்பாடு போடுறா? எத்தன மணிக்கு எந்திரிக்கணும் அந்த ஆளுங்க?" விடியமுன் எழும்பி பிரட்டுக்குப் போனவருக்கு அந்தத் தண்ணீருக்குப் பின்னால் இருக்கிற வேலையாள்தான் முதலில் தெரிந்தார். எனக்கு அதுவரை அந்த யோசனை வரவில்லை. பிறகு கவனித்தேன்: ஒரு பெண் முக்குளிப்பு உடையில் உள்ளே இறங்கிப் பாறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லிஸ்பனுக்குப் பக்கத்தில் இன்னொரு மீன்காட்சியகம் உண்டு, கடலை நோக்கி ஆறு விரிகிற டாஃபுண்டோவில். 1898இல் திறந்தது. பெயர் வாஸ்கோ ட காமா. அவர் இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட நானூறாம் ஆண்டு நினைவாகத் திறந்தார்கள். நூறு வருஷம் கழித்து, ஐந்நூறாம் ஆண்டில், நான் மேலே சொன்ன பெரியது. இத்தாலியின் ஜெனோவாவில் இருக்கிற பெரிய மீன்காட்சியகம் 1992, கொலம்பஸ் போன ஐந்நூறாம் ஆண்டு. பாரிஸ் மாளிகை 1931, குடியேற்ற நாடுகளின் பெருமை. இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த கரைகளில் ஒன்று நம்முடையது. 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள், பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். கோப்பிக்கும் தேயிலைக்கும் இறப்பருக்கும் கூலியாட்களாக நம் முப்பாட்டன்மாரும் கடல் தாண்டியே கொண்டுவரப்பட்டார்கள். அந்தப் பயணங்களின் கொண்டாட்டத்துக்காகக் கட்டிய கட்டடத்தில் ஒரு பால்வெட்டுக்காரரின் மகள் சூரிய மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் வந்ததா என்று தங்கச்சி கேட்டாள். வரவில்லை. ஆனால் சுவரில் எங்காவது எங்கள் கதைக்கும் இரண்டு வரி இருக்கலாம் என்று நினைத்தேன். அதை இப்போதும் நினைக்கிறேன்.

பெரிய மீன்காட்சியகத்தில் 2015இல் ஒரு நன்னீர்த் தொட்டியையும் சேர்த்தார்கள். நாற்பது மீற்றர் நீளம், ஒன்றரை இலட்சம் லீற்றருக்கு மேல். ஜப்பானியர் தகாஷி அமானோ தன் கையால் நட்ட நீர்த்தாவரத் தோட்டம். அதே ஆண்டில் அவர் காலமானார். சுறாவில்லை, ஆமையில்லை, சின்னஞ்சிறு மீன்களும் பச்சையும்தான். கடல் பழக்கமில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வீட்டுப் பக்கம். ஓடையில் கால் நனைத்து வளர்ந்தவர்கள் ஒவ்வொரு கல்லையும் அடையாளம் பிடிப்பார்கள்.

நான் போகாத, போக ஆசைப்படுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஆட்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ யாருக்குத் தெரியும். ஸ்பெயினில் வலென்சியா: 2003இல் திறந்த ஓசியானோகிராஃபிக், மொத்தம் நாலு கோடி லீற்றருக்கு மேல், ஐரோப்பாவில் ஆகப் பெரியது. வடிவமைத்த ஃபெலிக்ஸ் கண்டேலா அது திறக்க முன்பே இறந்துவிட்டார். 2024 ஜூனில் உக்ரேனின் கார்கிவ் நகரிலிருந்து போருக்கு நடுவே இரண்டு வெள்ளைத் திமிங்கிலங்களை ரோட்டு வழியாகவும் விமானத்திலும் கொண்டுவந்து சேர்த்தது இங்கேதான். இத்தாலியின் நேப்பிள்ஸில் 1874இல் திறந்தது ஒன்று. அன்ரன் டோர்ன் என்ற விலங்கியலாளர், பார்வையாளர் காசில் ஆராய்ச்சி நிலையம் நடத்தலாம் என்று யோசித்துக் கட்டினார். வியன்னாவில் இரண்டாம் உலகப்போரின் விமான எதிர்ப்புக் கோபுரத்துக்குள் மீன் வளர்க்கிறார்கள். சுவிஸில் இருக்கிறவர்களுக்கு லொசானில் அக்குவாடிஸ், நன்னீர் உயிர்களுக்கானது. இங்கிலாந்தில் பிளிமத், ஹல். இங்கிலாந்துக்கு விசா தனி, மற்ற எல்லாம் ஒரே ஷெங்கன் விசாவில் அடங்கும்.

பெர்லின் ஹோட்டலில் இருந்த உருளைத் தொட்டியைப் பற்றி யாராவது கேட்பார்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலை அது வெடித்தது. பத்து இலட்சம் லீற்றர் தண்ணீரும் சுமார் 1,500 மீன்களும் மண்டபத்திலும் ரோட்டிலும். விடியற்காலை ஆனபடியால் அங்கே ஆட்கள் குறைவு, இரண்டு பேருக்குக் காயத்தோடு போனது.

போகிறவர்களுக்கு ஒரு புத்தி. காலையில் கதவு திறக்கிற நேரத்துக்கு நில்லுங்கள், பிறகு கூட்டம் கூடிவிடும். எல்லாத் தொட்டியையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். ஒரு தொட்டி, ஒரு மீன், கால் வலிக்கும்வரை.

திரும்பி வந்த பிறகு அந்த வகுப்பைத் தெஹிவளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரவு பஸ் ஏறி, வெல்லவாயா, இரத்தினபுரி வழியாக விடியும்போது கொழும்பு. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கும் ஒரு ஐரோப்பியக் கதை இருக்கிறது. ஹம்பர்க் நகரின் புகழ்பெற்ற மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக்கின் தம்பிமுறையான ஜோன் ஹாகன்பெக், இங்கிருந்து மிருகங்களை ஐரோப்பாவுக்கு அனுப்ப வைத்திருந்த இடம்தான் ஆரம்பம். 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அண்ணன் கார்ல் யானைகளோடு இலங்கை மனிதர்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தவர். இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொன்னேன்.

அங்குள்ள மீன்காட்சிக்கூடம் லிஸ்பனோடு வைத்துப் பேச முடியாத அளவு சின்னது. ஆனால் என் பிள்ளைகள் அதற்கு முன் உயிரோடு பார்த்த மீன் குளத்து ஜப்பான் மீனும் விராலும் கெளுத்தியும்தான். கடல்மீன் என்றால் லொறியில் ஐஸ் பெட்டிக்குள் வருவது, கண் வெளுத்தது. இங்கே அது கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து மூடியது. ஒரு பையன் தன் வாயையும் அதே தாளத்தில் திறந்து மூடிக்கொண்டு நின்றான், தனக்கே தெரியாமல்.

பின்னேரம் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போனேன். வகுப்பில் பாதிப்பேருக்கு அதுதான் முதல் கடல். எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். கடைசி வாங்குப் பிள்ளை மட்டும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். குனிந்து ஒரு கை அள்ளினாள், நாக்கில் வைத்தாள், துப்பினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத ஊத்தியிருந்தா கன்னு செத்தே போயிருக்கும் மிஸ்."